புல்லிலும் உண்டு கொழுக்கட்டை!

கொழுக்கட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிள்ளையார் சதுர்த்தி, வெல்லமும் தேங்காயும் கலந்த பூரணம், மாவு பதம் தவறி விரிந்துபோன முதல் ஈடு, "போன வருஷம்தான் நன்றாக இருந்தது" என்று சொல்லிக்கொண்டே ஆறாவதை எடுக்கும் வீட்டுக்காரர் எல்லாம் வரிசையாக வரும். ஆனால் திருப்பூருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் காங்கயம் சீமையில் "கொழுக்கட்டை" என்று சொன்னால் முதலில் நாக்கில் ஜலம் ஊறுவது மனிதர்களுக்கு அல்ல; மாடுகளுக்கு!

ஆம், அது ஒரு புல்லின் பெயர். கொழுக்கட்டைப் புல். நம் வீட்டுக் குழந்தைகள் போட்டுக்கொள்ளும் பனியனும் ஜட்டியும் தயாராகிற ஊருக்கு இத்தனை பக்கத்தில் விளையும் இந்தப் புல்லைப் பற்றியும், அதன் அக்கா தங்கைகளைப் பற்றியும்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். "புல்லைப் பற்றி என்ன பெரிய சமாசாரம்?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதிலும் பிறந்த வீடு, போன வீடு எல்லாம் உண்டு. வீட்டைக் கொளுத்துகிற கட்டம் கூட உண்டு!

வேலிக்கு உள்ளே ஓர் உலகம்

திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்காருங்கள். முதலில் பனியன் கம்பெனிகள், சாயப் பட்டறைகள், லாரிகள், வீட்டுமனை விளம்பரப் பலகைகள். இவற்றையெல்லாம் தாண்டிக் காங்கயத்தை நெருங்கியதும், அதற்கப்பால் வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் போனாலும், சாலையின் இரு பக்கமும் ஒரு விசித்திரமான காட்சி தெரியும். உயரம் குறைவான முள்வேலி. அந்த வேலிக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த மாதிரி மரங்கள். மரங்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் புல். நெல் இல்லை, கரும்பு இல்லை, தென்னை இல்லை. நகரத்துக்காரர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவம், தரிசு நிலம்" என்று உச்சுக்கொட்டுவார்கள்.

அந்த உச்சு வேண்டியதே இல்லை. அது தரிசு அல்ல. அதற்குக் கொறங்காடு என்று பெயர். வயலைப் போலவே மனிதர்கள் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் அது. பட்டா போட்ட சொந்த நிலம். அதன் வேலி கம்பி வேலி அல்ல; முள்கிளுவை என்ற செடியின் கிளைகளை வெட்டி நட்டு, அவை வேர் விட்டுத் துளிர்த்து உயிருள்ள சுவராக நிற்பது. குடை விரித்த மரம் வெள்வேல மரம்; கோடையில் நிழலும், ஆடுகளுக்குக் காயும் தருவது. தரை முழுவதும் படர்ந்திருக்கும் பிரதானப் பயிர்தான் நம் கதாநாயகி, கொழுக்கட்டைப் புல்.

நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேலி போட்டு, மாடுகளை மாற்றி மாற்றி மேய விடுவார்கள். ஒன்றில் மேயும்போது மற்றொன்று இளைப்பாறி மறுபடி தழைக்கும். வருஷத்தில் மழை குறைவு, கிணற்றை நம்பிப் பயன் இல்லை என்கிற சீமைக்கு இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு இருக்க முடியுமா? காங்கயம் காளை என்று நாடு முழுவதும் பெயர் வாங்கியிருக்கிறதே, அந்தக் கம்பீரமெல்லாம் இந்த வேலிக்குள்ளே மேய்ந்து வந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த மாட்டினத்தைப் பேணி வளர்த்ததற்குப் பேர்போனது. மாட்டுக்குப் பேர் கிடைத்தது. புல்லின் பேரைத்தான் சீமைக்கு வெளியே யாரும் கேட்டதில்லை.

பெயர் தெரிந்து ஆவதென்ன?

"அது சரி, புல்லை அடையாளம் கண்டுபிடித்து எனக்கு என்ன ஆக வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பட்டுப் புடவைக் கடையில் உங்களை யாராவது ஏமாற்ற முடியுமா? ஒரு முனையை விரலால் தேய்த்துப் பார்த்தே "இது கலப்பு" என்று தள்ளி வைத்துவிடுகிறீர்கள். பெயரும் தரமும் தெரிந்தவர்கள் கையில் பொருள் பத்திரமாக இருக்கும். தெரியாதவர்கள் கையில் எதுவும் துணிதான், எதுவும் புல்தான். கொறங்காட்டை "வெறும் புல்" என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அதன் விலை சற்றுக் குறைகிறது. "வெறும் நிலம்தானே" என்று மனை போடுகிறார்கள், ஆலை கட்டுகிறார்கள், சூரிய மின்சாரத் தகடு பதிக்கிறார்கள். கவனிப்பாரற்ற காடுகளில் சீமைக் கருவேலம் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்க்கிறவர்களுக்கு அப்போதும் பச்சையாகத்தான் தெரிகிறது. மாட்டுக்குத்தான் வித்தியாசம் தெரியும்!

ஆகவே, முதலில் பெண்ணை அடையாளம் காண்போம்.

மூன்று சகோதரிகள்

மழை பெய்து சில வாரம் கழித்துக் கொறங்காட்டு வேலி ஓரமாக நின்று பாருங்கள். முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையில் தூர் கட்டி வளர்ந்த புல். ஒவ்வொரு தாளின் நுனியிலும் அணில் குஞ்சின் வாலைப் போல ஒரு கதிர். விரல் நீளம் இருக்கலாம். சில கதிர்கள் இன்னும் சற்று நீளம். அங்கே ஆடு மேய்க்கும் பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். "இதுங்களா? கொளுக்கட்டைப் புல்லுங்க கண்ணு" என்று கொங்கு நாட்டு மரியாதையுடன் பதில் வரும்.

ஆனால் கதிர் அணில் வால் மாதிரி இருக்கிற புல் எல்லாம் கொழுக்கட்டை ஆகிவிடாது. நிறத்தை நம்பினால் ஏமாந்து போவீர்கள். ஒரே புல்லில் ஊதாக் கதிரும் உண்டு, வைக்கோல் நிறமும் உண்டு, சாம்பல் நிறமும் உண்டு. கண்ணை விட்டுவிட்டு விரலை நம்புங்கள்.

கதிரிலிருந்து ஒரே ஒரு மணியைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். நிஜத்தில் அது மணி அல்ல, ஒரு சின்னக் கூடு. நடுவே ஒன்று முதல் நாலு வரை பூக்கதிரிகள். அவற்றைச் சுற்றிலும் மெல்லிய மயிர்கள். இந்த மயிர்க் கூட்டில்தான் மூன்று சகோதரிகளின் குட்டு வெளிப்படுகிறது.

மயிர்கள் மிருதுவாய், வளைந்து கொடுப்பவையாய், நீளமாய் இருக்கின்றனவா? அடியில் மட்டும் ஒட்டிக்கொண்டு மேலே தனித் தனியாகப் பிரிந்திருக்கின்றனவா? உட்புற மயிர்களின் ஓரத்தில் அதைவிட மெல்லிய ரோமம் இறகு மாதிரி தெரிகிறதா? அப்படியானால் இவள்தான் மூத்தவள், அசல் கொழுக்கட்டைப் புல். தாவர சாஸ்திரத்தில் இவளுக்குச் செங்க்ரஸ் சிலியாரிஸ் என்று பெயர். 1771-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் சூட்டிய பெயர். "சிலியாரிஸ்" என்பது கண் இமை மயிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெயர் வைத்தவரின் ரசனையை மெச்சுவீர்கள்.

கூடு சிறியதாய், கெட்டியாய் இருக்கிறதா? உட்புற முட்கள் தட்டையாய், அடிப்பாகத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து சின்னக் கிண்ணம் மாதிரி ஆகியிருக்கின்றனவா? முள் குட்டையாய், நிமிர்ந்து விறைப்பாய் நிற்கிறதா? இவள் இரண்டாமவள், செங்க்ரஸ் செட்டிஜெரஸ். அக்காவை விடக் குள்ளம், கதிரும் ஒல்லி. அக்காவுக்குக் கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது, தங்கை இறுக்கிக் கொண்டை போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இவளும் மாடு விரும்பித் தின்கிற நல்ல புல்தான்.

மூன்றாமவள் கொஞ்சம் துஷ்டை. கிள்ளும்போதே விரலில் குத்துவாள். புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டால் உதறினாலும் போகமாட்டாள். காரணம், அவளுடைய முட்களின் மேல் தூண்டில் முள் மாதிரி பின்னோக்கித் திரும்பிய சின்னப் பற்கள் இருக்கின்றன. செங்க்ரஸ் பைஃப்ளோரஸ் என்பது அவள் பெயர். மற்ற இருவரும் பல வருஷம் தூரிலிருந்தே தழைப்பவர்கள். இவள் ஒரு மழைக்காலத்தோடு முடிந்து விதையிலிருந்து மறுபடி முளைக்கிறவள். மணல் பாங்கான இடம் இவளுக்குப் பிரியம். முள்ளைப் பார்த்து வெறுத்துவிடாதீர்கள். ராஜஸ்தானத்தில் பஞ்ச காலங்களில் இவளுடைய தானியத்தை முள் நீக்கி மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் புடவையில் ஒட்டுகிற புல் எதுவானாலும் "ஒட்டுப்புல்" என்று சொல்லிவிடுவது வழக்கம். அதனால் பெயரை மட்டும் கேட்டு முடிவு கட்ட வேண்டாம். உதாரணத்துக்கு, தினையின் உறவான ஒரு காட்டுப் புல் உண்டு. அதற்கும் வால் மாதிரிக் கதிர். அதுவும் துணியில் ஒட்டும். இதைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. முற்றிய கதிரை விரல்களுக்கிடையே பிடித்து உருவுங்கள். கொழுக்கட்டைக் குடும்பத்தில் மணியும் மயிரும் சேர்ந்து கூடாகவே கழன்று வந்துவிடும். மிச்சம் நிற்கும் வெறும் காம்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தினைக் குடும்பத்திலோ மணி மட்டும் உதிரும். மயிர்கள் காம்பிலேயே நின்றுவிடும்.

நாலாவதாக நீலக் கொழுக்கட்டை என்ற ஒன்றும் உண்டு. தாளும் இலையும் நீலம் பூசிய பச்சை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் தேர்ந்தெடுத்த ரகத்தைக் கோ 1 என்ற பெயரில் மானாவாரித் தீவனமாக விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

உங்கள் சமையலறையில் ஓர் உறவுக்காரர்

இப்போது ஒரு வேடிக்கை. இந்தக் குடும்பத்தின் முக்கியமான உறவினர் ஒருவர் உங்கள் வீட்டு டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் தெரியுமா? கம்பு!

கோடையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடிக்கிறீர்களே, அந்தக் கம்பேதான். வெகு காலம் வரை தாவர சாஸ்திரிகள் கம்பைப் பென்னிசெட்டம் என்ற வேறு ஜாதியில் வைத்திருந்தார்கள். 2010-ஆம் ஆண்டில் அந்த ஜாதி முழுவதையும் செங்க்ரஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, கம்பும் கொழுக்கட்டைப் புல்லும் இப்போது ஒரே குலம். செங்க்ரஸ் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கே சிறுதானியம் என்றுதான் அர்த்தம். பெயர் முந்தியே உண்மையைச் சொல்லியிருக்கிறது. சாஸ்திரிகள்தான் பிந்தி வந்து சேர்ந்தார்கள்!

கம்புக் கதிரையும் கொழுக்கட்டைக் கதிரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பிலும் மணிகளைச் சுற்றி மயிர் உண்டு. ஒரே ஒரு பெரிய வித்தியாசம், கம்பு தானாக உதிராது. சுமார் 4500 வருஷங்களுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராப் பாலைவனத்தின் ஓரத்து ஜனங்கள், உதிராத கதிராகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து விதைத்து அந்தக் குணத்தை நிலைக்க வைத்தார்கள். காட்டுப் புல்லுக்கு உதிர்வதுதான் வாழ்வு. உழவனுக்கு உதிராததுதான் வாழ்வு.

கொழுக்கட்டைப் புல்லிடம் இன்னொரு விசேஷம் இருக்கிறது. "நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? திருப்பூர்க்காரர்களுக்கு நூல் சமாசாரம் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பழமொழி இந்தப் புல்லுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பெரும்பாலும் இதன் கரு மகரந்தக் கலப்பு இல்லாமலே விதைக்குள் உண்டாகிவிடுகிறது. எனவே முளைப்பது தாயின் அச்சு அசல் நகல். ஊதாக் கதிர்த் தாய்க்கு ஊதாக் கதிர்ப் பிள்ளை. உயரமான தாய்க்கு உயரமான பிள்ளை.

இதில் ஒரு நஷ்டக் கணக்கும் அடங்கியிருக்கிறது. காங்கயத்து வெயிலையும், தாராபுரத்துக் காற்றையும், எப்போது வரும் என்று தெரியாத மழையையும் தாங்கித் தாங்கித் தேறிய ஒரு வம்சம் ஒரு கொறங்காட்டில் இருக்கிறது. அந்தக் காட்டில் மனை போட்டால் போவது "ஏதோ கொஞ்சம் புல்" அல்ல, அந்த வம்சம். வேறு ஊரிலிருந்து நாலு மூட்டை விதை வாங்கி வந்து தூவினால் வேறு வம்சம்தான் முளைக்கும்.

பிறந்த வீட்டில் லட்சுமி, போன வீட்டில்...?

சரி, இத்தனை நல்ல புல் என்றால் உலகமெங்கும் கொண்டுபோய் விதைத்தால் என்ன? அப்படித்தான் சிலர் நினைத்தார்கள்.

ஆப்பிரிக்கா முதல் நம் நாடு வரையிலான வறண்ட பூமிதான் இந்தப் புல்லுக்குப் பிறந்த வீடு. ஆஸ்திரேலியாவுக்கு இது ஒட்டகங்களோடு போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒட்டகம் ஓட்டப் போனவர்களின் சேணங்களுக்குள் அடைத்த புல்லில் விதையும் கலந்து போனது என்கிறார்கள். பிறகு மாட்டுப் பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே விதைத்தார்கள். அமெரிக்காவில் 1930-களிலும் 40-களிலும் மாட்டுத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் அரசாங்கமே தருவித்தது. அங்கே இதற்கு "பஃபல்" புல் என்று பெயர்.

அரிசோனா மாகாணத்தில் டூசான் நகரைச் சுற்றி ஒரு பாலைவனம் இருக்கிறது. கை தூக்கி நிற்கும் ராட்சத மனிதர்களைப் போல ஸகுவாரோ என்ற கள்ளிகள் அங்கே நூறு வருஷத்துக்கு மேலும் வாழும். அந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் தரை அதிகம். அதனால் தீப் பிடித்தாலும் பரவ வழியில்லை. அந்த வெறும் தரையில் நம் புல் போய் உட்கார்ந்தது. கோடையில் காய்ந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும், திரி வைத்த மாதிரி மலைச்சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். புல்லோ தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். கள்ளி வெந்து செத்துவிடும். 2005-ஆம் ஆண்டில் அரிசோனா மாகாணம் இதைத் தீய களை என்று அறிவித்தது. இன்றைக்கும் தொண்டர்கள் சனி, ஞாயிறுகளில் கடப்பாரை எடுத்துக்கொண்டு மலை ஏறிப் போய்த் தூர் தூராகப் பெயர்த்தெடுக்கிறார்கள். 2015-ல் தெற்கு ஆஸ்திரேலியாவும் களை என்று முத்திரை குத்தியது.

பிறந்த வீட்டில் லட்சுமியாக விளங்கிய பெண் போன வீட்டை எரித்துவிட்டாளே என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்பட்டுப் பெண்ணைத் திட்டாதீர்கள்! தப்பு அவளுடையது அல்ல. இடம், பொருள் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போனவர்களுடையது. கொறங்காட்டில் அவள் காய்ந்து குவிவதற்கு முன் மாடும் ஆடும் மேய்ந்துவிடுகின்றன. வேலி உண்டு, முறை வைத்த மேய்ச்சல் உண்டு, பார்த்துக்கொள்ள மனிதர் உண்டு. புல் ஒன்றுதான், சம்சாரம் வேறு.

நீங்கள் என்ன செய்யலாம்?

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் பெருங்கூட்டம் கூடியபோது நாட்டு மாடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுந்தது. காளையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதன் காலடியில் கிடந்த புல்லைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. காளைக்குத் தீவனமாக வைக்கோலை லாரியில் ஏற்றி அனுப்பலாம். ஆனால் கொறங்காட்டை லாரியில் ஏற்றி அனுப்ப முடியுமா?

உங்களையும் என்னையும் போல நகரத்தில் குடியிருப்பவர்கள் நிலம் வாங்கிப் புல் வளர்க்கப் போவதில்லை. ஆனாலும் மூன்று காரியம் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு காங்கயம் பக்கம் ஒரு பிரயாணம் போய் வாருங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வேலி ஓரத்தில் நின்று, கிள்ளிப் பார்ப்பது, குத்துகிறதா என்று பார்ப்பது, கிண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பது, உருவிப் பார்ப்பது என்ற நாலு பரீட்சையையும் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். மூத்தவளையும் இளையவளையும் குழந்தைகள் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்!

இரண்டாவது, ஆசைப்பட்டு விதையை உருவிக் கொண்டுவந்து ஊட்டி, கொடைக்கானல் போகும்போது மலை மேல் தூவி விடாதீர்கள். மலைப் புல்வெளிக்குச் சொந்தப் புற்கள் வேறு. அரிசோனா கதையை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது புடவைக் கரையையும் கால் சட்டை மடிப்பையும் ஒரு தடவை உதறிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் வீட்டுக்காரரோ, அண்ணாவோ, மாப்பிள்ளையோ "காங்கயம் பக்கம் தரிசு நிலம் மலிவாக வருகிறது, மனை வாங்கிப் போடலாமா?" என்று காபி குடிக்கும்போது கேட்டால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அது தரிசா, கொறங்காடா? வேலி கிளுவையா? உள்ளே என்ன புல்?"

அவர் திருதிருவென்று விழிப்பார். விழிக்கட்டும். அடுத்த சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது மீதிக் கதையைச் சொல்லிக்கொள்ளலாம்.